ஒரே வினாத்தாள், வேறு வேறு வீடுகள்: மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் முடிவுகளும் வெளியாகும் காலத்தில், வினாத்தாளுக்கு ஏழை என்றும் பணக்காரர் என்றும் வேறுபாடு தெரியாது, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே கால அளவு, உழைத்தவர் வெல்கிறார் என்ற கருத்தைப் பலரும் எழுதுகிறார்கள். அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வந்த கடிதம் ஒன்றும் இதையே வலியுறுத்தியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில், கேரள எல்லையை ஒட்டிய ஊர்களின் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கருத்தை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வினாத்தாள் பாகுபாடு காட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. அன்றைய நாளில் அந்த மாணவருக்கு என்ன தெரியும் என்பதை அது ஓரளவு நேர்மையாகவே அளக்கிறது. ஆனால் அன்றைய நாளில் அவருக்குத் தெரிந்திருப்பதில், பிறந்த நாள்முதல் அவர் வீட்டுக்கு வந்த வருமானமும் கலந்திருக்கிறது. அந்தக் கலப்பைக் கணக்கில் எடுக்காமல் மதிப்பெண்ணைத் திறமையின் அளவாக மட்டும் வாசிப்பது, கணிதத்தின்படியும் தவறு, நியாயத்தின்படியும் தவறு.

இத்தொடர்பு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் கொண்டு நடத்தப்பட்ட அரசாங்க ஆய்வு, பள்ளிகளுக்கு இடையே வசதிகளில் இருந்த வேறுபாடுகளைவிட மாணவரின் குடும்பப் பின்னணியே தேர்வு அடைவோடு வலுவாகத் தொடர்பு கொண்டிருப்பதைக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் ரியர்டன் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2001 ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகளிடையே உயர் வருமானக் குடும்பங்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி, அதற்கு 25 ஆண்டுகள் முன்னர் பிறந்தவர்களிடையே இருந்ததைவிட 30 முதல் 40 சதவீதம் அகன்றிருந்தது. நம் நாட்டில் பிறந்து இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2023 இல் தந்த கணக்கு இன்னும் கூர்மையானது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலோ அதற்கு இணையான தேர்விலோ, 1600 க்கு 1300 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டும் வாய்ப்பு, மேல்தட்டு 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அடித்தட்டு 20 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருப்பதைப்போல் 13 மடங்கு.

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 15 வயது மாணவர்களை நாடுதோறும் ஒரே அளவுகோலால் சோதிக்கும் பிசா தேர்வின் 2022 ஆம் ஆண்டுச் சுற்றில், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியாகப் பார்த்தால், வசதியில் மேல் கால்பகுதியில் இருக்கும் மாணவர்கள் கீழ் கால்பகுதியில் இருப்பவர்களைவிடக் கணிதத்தில் 93 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். அதே தேர்வின் 2009 ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே கலந்துகொண்டு, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகள் வரிசையில் கடைசி இடங்களுக்கு அருகே நின்றன. அந்த முடிவுக்குப் பின் 2022 சுற்று வரை நம் நாடு அத்தேர்வை எழுதவேயில்லை. அளந்து பார்த்துச் சங்கடப்பட்ட பின் அளப்பதையே நிறுத்திவிட்டது சரியான பாடம் என்று நான் கருதவில்லை.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவதை நாம் ஆண்டுதோறும் செய்தித்தாளில் படங்களோடு பார்க்கிறோம். கூலித் தொழிலாளியின் மகள், ஆட்டோ ஓட்டுநரின் மகன் என்று வரும் அந்தச் செய்திகள் பொய்யல்ல. வருமானம்தான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்றால் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களுக்குக் கணிதம் தெளிவான விடை வைத்திருக்கிறது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2009 இல் மிகப் பெரிய தரவுத் தொகுப்புகளைக் கொண்டு, குடும்பத்தின் பொருளாதார, சமூக நிலைக்கும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து செல்கின்றன என்பதன் அளவு, 0.42 என்று கணித்தார்கள். அதன் வர்க்கம் ஏறத்தாழ 0.18. மாணவர்களுக்கிடையே மதிப்பெண்ணில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றில் 18 பங்கு மட்டுமே குடும்ப நிலையோடு சேர்ந்து செல்கிறது, மீதிக்கு வேறு காரணங்கள் உண்டு என்பது இதன் பொருள். ஆகவே ஒரு குறிப்பிட்ட மாணவியின் வீட்டு வருமானத்தைக் கேட்டுக்கொண்டு அவள் எவ்வளவு மதிப்பெண் பெறுவாள் என்று எவராலும் சொல்லிவிட முடியாது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கும் வசதியான பிள்ளைகளும் எல்லா வகுப்பறைகளிலும் இருப்பார்கள்.

18 பங்குதானே, இதற்கா இவ்வளவு கவலை என்று அடுத்த கேள்வி வரும். கவலைக்குக் காரணம், இடம் பெறுவதற்கான குறைந்தபட்சக் கோடாகிய வெட்டு மதிப்பெண் (கட்-ஆஃப்). பத்தாம் வகுப்புக் கணித நூலில் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கற்பித்த எவரும் பின்வரும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் 10,000 பேர், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் 10,000 பேர் என்று இரு குழுக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில், அதாவது பெரும்பாலோர் சராசரிக்கு அருகிலும் சிலரே இரு ஓரங்களிலும் இருக்கும்படி, ஒரே அகலத்தில் பரவியிருக்கின்றன, சராசரியில் மட்டும் ஒரு திட்டவிலக்கம் வேறுபாடு இருக்கிறது என்று கொள்வோம். மேலே சொன்ன 93 புள்ளிகள் பிசாவின் அளவுகோலில் கிட்டத்தட்ட ஒரு திட்டவிலக்கம்தான் என்பதால் இது மிகைப்படுத்திய எடுகோள் அன்று. வசதியான குழுவின் சராசரியையே தேர்ச்சிக் கோடாக வைத்தால், அக்குழுவில் 5,000 பேர் தேறுவார்கள், மற்றதில் ஏறத்தாழ 1,587 பேர் தேறுவார்கள். மூன்றுக்கு ஒன்று. இப்போது கோட்டை இன்னும் இரண்டு திட்டவிலக்கம் மேலே தூக்குவோம். வசதியான குழுவில் ஏறத்தாழ 228 பேரும் மற்றதில் 13 பேரும் மட்டுமே மிஞ்சுவார்கள். மூன்றுக்கு ஒன்றாக இருந்த விகிதம் பதினேழுக்கு ஒன்றாகிவிடுகிறது. இரு குழுக்களின் சராசரிகளும் இம்மியும் நகரவில்லை, எந்த மாணவரின் அறிவும் கூடவோ குறையவோ இல்லை, கோடு மட்டுமே நகர்ந்தது.

நம் நாட்டின் பெரிய நுழைவுத் தேர்வுகள் எல்லாம் கோட்டை மிக உயரத்தில் வைப்பவை. நீட் தேர்வை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் மட்டுமே இருக்கின்றன. ஏழைக் குடும்பம் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கக் கூடிய அரசுக் கல்லூரி இடங்கள் அவற்றில் ஏறத்தாழப் பாதி. வகுப்பறையில் சாதாரணமாகத் தெரியும் வருமான இடைவெளி இத்தகைய தேர்வின் பட்டியலில் பெரும் பள்ளமாக மாறுவதற்கு எவரும் சதி செய்ய வேண்டியதில்லை, இந்தக் கணக்கே போதும். படத்தோடு செய்தி வரும் அந்த ஏழை மாணவி 13 பேரில் ஒருத்தி. அவளைக் கொண்டாடுவது முறை. அவளைச் சாட்சியாக நிறுத்தி மற்றவர்களைக் குறைசொல்வது முறையன்று.

தமிழ்நாட்டில் நடந்ததை, நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 இல் தந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. நீட் நடைமுறைக்கு வருமுன் 2016-17 இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 47.42 சதவீதத்தினர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2020-21 இல் அது 41.05 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த அறிக்கையில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது வேறோர் எண். முதல் முயற்சியில் அல்லாமல் மீண்டும் எழுதி இடம்பெற்றவர்கள் 2016-17 இல் 12.47 சதவீதமாக இருந்தார்கள், 2020-21 இல் 71.42 சதவீதமானார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுவதற்குத் தேவைப்படுவது பயிற்சி நிலையக் கட்டணம் மட்டுமன்று. பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு முழுவதும் சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து படிப்பதைத் தாங்கும் சக்தியும் குடும்பத்துக்கு வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது செலவுதான் முதலாவதைவிடக் கனமானது, நான் அறிந்த எந்த உதவித்தொகையும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை.

வருமானம் எந்த வழியாக மதிப்பெண்ணுக்குள் நுழைகிறது என்பதை எங்கள் எல்லைப் பகுதியில் வைத்துச் சொல்வது எளிது. கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை என்று மலைமேல் எங்கே வேலை இருந்தாலும் போய், இருட்டும் வேளையில் திரும்புகிறார்கள். அம்மா ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்ட வீட்டில் தம்பி தங்கைகளை எழுப்பி, குளிப்பாட்டி, சோறு கட்டிக்கொடுத்து அனுப்புவது எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் மூத்த பெண்ணின் வேலையாகிவிடுகிறது. முதல் பாடவேளைக்கு அவள் தாமதமாக வருவதும், கணக்குப் பாடம் பெரும்பாலும் முதல் பாடவேளையிலேயே இருப்பதும் எங்கள் ஊர் ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்த செய்தி.

காய் எடுப்புப் பருவம் ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை வரை நீள்கிறது. காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் இந்தப் பருவத்துக்குள்தான் வருகின்றன. கையில் காசு புழங்கும் மாதங்களும் அவைதான், வீட்டில் பெரியவர்கள் இல்லாத மாதங்களும் அவைதான். பருவம் முடிந்து ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாசி, பங்குனியில் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள், ஆனால் வேலை குறைந்து கடன் ஏறத் தொடங்கியிருக்கும். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை சரிந்தால் தோட்டத்தில் ஆள் குறைப்பார்கள். அதன் விளைவு சில வாரங்களில் வகுப்பறைக்கு வந்து சேரும். வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு, எந்த வீட்டில் எப்போது முடை வந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பணமுடை அறிவின் வேலைத்திறனையே தற்காலிகமாகக் குறைக்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் அவருடைய சக ஆய்வாளர்களும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைச் சிந்தனைத் தேர்வுகளால் சோதித்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்தில், அதே மனிதர், பணம் வந்த பிறகு பெற்றதைவிடக் குறைவாகவே மதிப்பெண் பெற்றார். ஆள் மாறவில்லை, பிறவி அறிவு மாறவில்லை, படிப்பு மாறவில்லை, மாறியது கடன்கவலை ஒன்றுதான். அது வளர்ந்தவர்கள் மீது நடந்த ஆய்வு என்பதால் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திச் சொல்லக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் வட்டிக்காரர் வந்து வாசலில் நிற்கும் வீட்டில் உட்கார்ந்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் பிள்ளையின் மனம் அந்த விவசாயியின் மனத்தைவிட உறுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் தேர்வுகளை ஒழித்துவிட வேண்டும் என்று கேட்கிறேன் என எவரும் கருத வேண்டாம். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நீட்டுக்கு முன்பு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்ட காலத்தில், நாமக்கல் வட்டாரத்துத் தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப முடிந்த பெற்றோர் எவ்வளவு முன்னே நின்றார்கள் என்பதை அந்தக் காலத்து ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த அந்த முறையும் பணத்தால் வாங்கப்பட்டதுதான். தேர்வு மாறும்போது பணம் நுழையும் வாசல் மாறுகிறது.

அமெரிக்க அனுபவமும் இதையே காட்டுகிறது. வருமானத்தோடு ஒட்டிச் செல்கிறது என்ற காரணத்தையும் முன்வைத்து எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கைவிட கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020 இல் முடிவெடுத்தது. ஆனால் எம்.ஐ.டி. 2022 இலும் டார்ட்மத் கல்லூரி 2024 இலும் அத்தேர்வை மீண்டும் கட்டாயமாக்கின. டார்ட்மத் ஆய்வாளர்கள் கண்டது கவனிக்கத் தக்கது. மதிப்பெண்ணை அனுப்புவது விருப்பம் என்றிருந்த ஆண்டுகளில், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள், தங்கள் மதிப்பெண் போதாது என்று எண்ணி அதை மறைத்துவிட்டார்கள். அவர்கள் வந்த பின்னணியோடு சேர்த்துப் பார்த்திருந்தால் அந்த மதிப்பெண்ணே அவர்களுக்கு இடம் வாங்கித் தந்திருக்கும். கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டுப் பயிற்சி என்று மற்ற அளவுகோல்களில் பணத்தின் கை இன்னும் தாராளமாக விளையாடுகிறது. ராஜ் செட்டி குழுவின் கணக்குப்படி, ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்களிடையேயும் மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருப்பதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆகவே தேர்வு இருக்கட்டும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும்.

மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று தமிழ்நாடு 2020 இல் சட்டமாக்கிய 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இந்தத் திசையில் எடுத்த சரியான அடி. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, அதேபோன்ற பள்ளியில் படித்த பிள்ளையோடு ஒப்பிட்டு இடம் தருவதுதான் அதன் அடிப்படை. ஆனால் பதினேழு வயதில் கொடுக்கும் ஒதுக்கீடு, ஏழு வயதில் தொடங்கிவிட்ட இடைவெளியை அடைக்காது. முந்தைய ஆண்டுகளில் செய்யக் கூடியவை உண்டு என்பதற்கும், அவை மதிப்பெண்ணில் வெளிப்படும் என்பதற்கும் சான்றுகள் கையில் இருக்கின்றன. கார்டன் டாலும் லான்ஸ் லாக்னரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வரிச்சலுகை வழியாக ஏழைக் குடும்பத்தின் வருமானம் 1,000 டாலர் கூடியபோது பிள்ளைகளின் கணித, வாசிப்பு மதிப்பெண் ஒரு திட்டவிலக்கத்தில் சில சதவீதம் உயர்ந்தது. சிறிய உயர்வுதான். ஆனால் வேறு எதையும் மாற்றாமல், வீட்டில் பணம் கூடியதால் மட்டுமே மதிப்பெண் கூடுகிறது என்பதை அது காட்டுவதால், ஏழைகள் படிப்பில் அக்கறை அற்றவர்கள் என்ற பழிச்சொல்லுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. இந்தியாவில் பள்ளி மதிய உணவை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பெற்ற பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணிதத்தில் 9 சதவீதமும் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்ததை 2019 இல் வெளியான ஓர் ஆய்வு நாடு தழுவிய தரவுகளைக் கொண்டு காட்டியது. காமராசர் 1950 களில் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982 இல் விரிவாக்கிய திட்டம் இது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். விடியுமுன் ஜீப் ஏறும் தாயின் வீட்டில் அது பசியை மட்டும் ஆற்றவில்லை, மூத்த பெண்ணின் காலை நேரத்தையும் அவளுக்குத் திருப்பித் தருகிறது. ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவதுதான் குறை. எங்கள் பகுதியில் பள்ளியை விட்டு நழுவும் ஆபத்து ஆறாம் வகுப்புக்குப் பிறகே தொடங்குகிறது. குறைந்தது தோட்டத் தொழிலாளர் மிகுந்த ஒன்றியங்களிலாவது எட்டாம் வகுப்பு வரை அதை நீட்டிக்க வேண்டும்.

கொரோனாக் காலத்துக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கார்த்திக் முரளிதரனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் ஆய்ந்து, பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டதாகவும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்ததாகவும் கணித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்கு அதிகம் வந்ததால், ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே கூடிப்போயிருந்த இடைவெளியும் குறைந்தது. ஊரிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவர், மாலை ஐந்து முதல் ஏழு வரை, பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் செய்வதால் இவ்வளவு நடக்கும் என்றால், தாய் தந்தை இருட்டிய பின் மலையிறங்கி வரும் எங்கள் எல்லை ஊர்களில் அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு எவ்வளவு என்று அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். காய் எடுப்பு நடக்கும் மாதங்கள் முழுவதும் இத்தகைய மாலை மையங்கள் தடையின்றி இயங்குவதற்கு உறுதி வேண்டும்.

கடைசியாக, மாநில எல்லையால் மட்டுமே எழும் இடர்ப்பாடு ஒன்றை முன்வைக்கிறேன். இது பொதுவாக எவர் கவனத்துக்கும் வருவதில்லை. சில குடும்பங்கள் தினமும் ஜீப்பில் போய்வருவதை விட்டு, ஓரிரு ஆண்டுகள் தோட்டத்திலேயே குடியிருந்து வேலை பார்க்கின்றன. அப்போது பிள்ளைகளை இடுக்கி மாவட்டத்தில் உள்ள தமிழ்வழி அரசுப் பள்ளியிலோ, அது தொலைவில் இருந்தால் மலையாள வழிப் பள்ளியிலோ சேர்க்கிறார்கள். பாடத்திட்டம் மாறுகிறது, சில நேரம் பயிற்றுமொழியே மாறுகிறது, திரும்பி வந்ததும் மறுபடி எல்லாம் மாறுகிறது. இதனால் மதிப்பெண்ணில் ஏற்படும் இழப்பு ஒருபுறம். மறுபுறம், 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் (புதுமைப் பெண் திட்டத்துக்கு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும்) படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஏழாம் வகுப்பை மலைமேல் படித்துவிட்டு வந்த பிள்ளை, வறுமையின் காரணமாகவே எல்லை தாண்டிய பிள்ளை, வறுமையை ஈடுசெய்ய வந்த சலுகையை அந்த ஓராண்டால் இழக்க நேர்கிறது. இவ்விதியை எழுதியவர்களுக்கு இந்த நோக்கம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். விதி எழுதப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால் போடிமெட்டு தெரிந்திருக்காது.

பெற்றோர் தோட்டத் தொழிலாளர் என்பதற்குச் சான்று இருந்தால், கேரள அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளையும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளாகக் கொள்ளலாம் என்று ஓர் அரசாணை பிறப்பித்தால் இது தீர்ந்துவிடும். செலவு ஏதும் பெரிதாக வராது. அதேபோல், எந்த வருமான அளவிலுள்ள பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எத்தகைய சராசரி பெற்றார்கள் என்பதை, பெயர் குறிப்பிடாமல், ஒன்றிய வாரியாகத் தேர்வுத் துறை வெளியிட வேண்டும். தேர்ச்சி விகிதத்தில் முதல் மாவட்டம் எது, கடைசி மாவட்டம் எது என்று ஆண்டுதோறும் அறிவிக்கும் துறைக்கு இதுவும் கடினமான காரியம் அன்று. தங்கள் நாளிதழ் அடுத்த முறை தேர்வு முடிவுகளை வெளியிடும்போது இவ்விரு கோரிக்கைகளையும் பள்ளிக் கல்வித் துறையிடம் நேரடியாகக் கேட்டு, கிடைக்கும் பதிலை வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கம்பம், தேனி மாவட்டம்.